சத்தியபாய் மயினி பாட்டுக் கேட்கப் போனது

இரவு எட்டு மணிக்கு மேல் சத்தியபாய் மயினியின் கண் திறந்திருந்து பார்த்தவர்கள் இந்தக் கீரிப்பாறையில் யாரும் கிடையாது. கல்யாணத்தன்று பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்றைக்கும் இல்லை. ஏழேமுக்காலுக்குப் பந்தியில் பாயசம் வருகிறது, பெண் இலை முன்னால் தலை தொங்கிக் கிடக்கிறது. வெட்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று அண்ணனின் சிநேகிதர்கள் பேசிக்கொண்டார்கள். மயினி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணி. நான் மாப்பிள்ளையின் தங்கை, பக்கத்து இலையில் இருந்தேன். குறட்டை எனக்குத்தான் கேட்டது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. மயினி அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். காலை மூன்று மணிக்கு எழும்பிச் சோறு பொங்கி வைத்துவிட்டு, நாலரைக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மலையேறினால், வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரத்தையும் வெட்டி முடிக்க வேண்டும். பிறகு மரத்துக்கு மரம் கட்டியிருக்கிற சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து வாளியில் ஊற்றிச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதில் தொடங்கிய வேலை. இலை உதிர்கிற மாசி மாதத்தில் பால் வெட்டு கிடையாது. அப்போதும் மூன்று மணிக்கு எழும்பி உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரத்தை உருட்டுவாள். பக்கத்து வீடு என் வீடு. நான் ஜெபகுமாரி, தையல்காரி. இரவு பதினொரு மணி வரை மிஷின் மிதிக்கிறவளுக்கு மூன்று மணிக்குப் பாத்திரச் சத்தம் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஒரு வருஷம் எங்கள் சபையில் கன்வென்ஷன் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் மேடையிலிருந்து மயினியைக் கை காட்டி, “அந்தச் சகோதரியைப் பாருங்கள், ஒன்றரை மணி நேரமாகக் கண் திறக்காமல் ஜெபிக்கிறார்” என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஞானதாசன் சபைக் கமிட்டி மெம்பர். வேர்த்துப்போனான். அன்றைக்குக் குறட்டை வராததற்கு ஆண்டவருக்குத் தனியாக ஸ்தோத்திரம் சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னான்.

மயினிக்கு ஒரு பாடகர் உண்டு. சினிமாப் பாடகர். பெயர் எதற்கு, மயினியே சொல்ல மாட்டாள். “எனக்க ஆளு” என்பாள். “இன்னைக்கு ரேடியோவுல எனக்க ஆளு பாடினாரு கேட்டியா?” என்பாள். கட்டின புருஷனுக்குக்கூட அந்தப் பட்டம் கிடைத்ததில்லை, அவனை என்னிடம் ‘உங்கண்ணன்’ என்பதோடு சரி. அந்தப் பாடகர் பாடியதில் ஒரு பாட்டு மயினிக்கு உயிர். கல்யாணமான வருஷம் பேட்டரி ரேடியோவில் முதலில் கேட்டாள். ரேடியோ கரகரத்து, பாட்டின் பின்பாதிதான் கிடைத்தது. அதில் ஒரு தோணி வரும். அதை மனப்பாடம் பண்ணிவிட்டாள். ஊஞ்சல் வருகிற முன்பாதி மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்க் கடைசியில் சேர்த்துக்கொண்டாள். ஆக மயினி பாடினால் இரண்டாம் சரணம் முன்னால் வரும், முதல் சரணம் பின்னால் வரும். மகள் ரெஜிஷா பேசத் தொடங்கிய நாளிலிருந்து திருத்திப் பார்க்கிறாள்.

“அம்மா, ஊஞ்சலாக்கும் முதல்ல. பெறவுதான் தோணி.”

“அவியளுக்கு வேணும்னா அப்படிப் பாடட்டு மக்கா. தோணி வந்து கரை சேந்த பெறவுல்லா ஊஞ்சல்ல இருக்க முடியும்.”



அந்தப் பாட்டு வெறும் ஆசைக்கு மட்டும் இல்லை, அதற்கு ஒரு வேலையும் உண்டு. எங்கள் மலையில் காட்டுப்பன்றி உண்டு, சில நாள் யானையும் உண்டு. இருட்டில் ஆள் வருகிறது என்று அதுகளுக்குத் தெரிய வேண்டும். அதனால் மயினி தொண்டை கிழியப் பாடிக்கொண்டு முன்னால் நடப்பாள். அண்ணன் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் போவான். அவளை மரத்தடியில் விட்டுவிட்டு அவன் ரப்பர் பாக்டரிக்குப் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக வழி நெடுக ஒரே சண்டை.

“உலகப் பாட்டை நிறுத்துட்டி. ஒரு கீர்த்தனை பாடினா பன்னி போவாதா?”

“கீர்த்தனைக்குப் பன்னி ஒறங்கிப்போவும். வழியில கெடந்தா நீங்களா தாண்டுவிய?”

அண்ணன் கீர்த்தனைகூடப் பாட மாட்டான் என்பது வேறு விஷயம். கோயிலில் வாயை மட்டும் அசைப்பான். சின்னதில் ஞாயிறு பள்ளியில் வாத்தியார், “ஞானதாசா, நீ மனசுக்குள்ள பாடு, ஆண்டவருக்குக் கேக்கும்” என்று சொல்லிவிட்டார். அன்று மூடிய தொண்டை. கூடப் பிறந்த நானே அவன் பாடிக் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தை மாதம் ரெஜிஷா போன் பண்ணினாள். அப்போது அவள் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். முதல் சம்பளத்தில் நான்கு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். மயினியின் ஆள் அங்கே மைதானத்தில் நேரில் பாடுகிறார், மாசி மாதம், சனிக்கிழமை. மயினி போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பாட்டை அந்த மனுஷன் வாயால், நேரில், ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும், அதற்குப் பிறகு கண்ணை மூடினாலும் சரி என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். மறுநாள் மலையில் முந்நூறு மரத்துக்கும் தனித்தனியாகச் சேதி சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் ரெஜிஷா மறுபடி கூப்பிட்டபோது, “எத்தன மணிக்குத் தொடங்கும்?” என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நான்தான் கேட்டேன்.

“ஆறரை மணி அத்தை. பத்து மணி வர உண்டு.”

மயினி என்னைப் பார்த்தாள். நான் மயினியைப் பார்த்தேன். கண்ணை மூடினாலும் சரி என்று சொன்னவள் இப்போது கண்ணை மூடாமல் இருக்க வழி தேட வேண்டும்.

அன்றே முடிவு பண்ணினோம். போவதற்கு முன்னால் ஒரு வாரம் கண் விழிக்கப் பழக வேண்டும், பழக்குகிறவள் நான். முதல் நாள் வெள்ளைப்பூண்டு உரிக்க வைத்தேன். ஏழு ஐம்பதுக்குப் பூண்டு கையில் இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டாம் நாள் உட்கார்ந்தால்தானே என்று நிற்க வைத்தேன். வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடியே உறங்கினாள், குதிரை மாதிரி. மூன்றாம் நாள் மூன்று டம்ளர் பால் விடாத கட்டன் காப்பி கொடுத்தேன். வழக்கம்போல் உறங்கிவிட்டு, மூன்று மணிக்குப் பதில் இரண்டு மணிக்கு எழும்பிப் பாத்திரத்தை உருட்டினாள். என் வினை. ஆறாம் நாள் எட்டேகால் வரை தாக்குப் பிடித்தாள். அன்றைக்கு நாங்கள் கேக் வெட்டாத குறை.

“ராத்திரிய ஆண்டவரு படைச்சது ஒறங்கதுக்காக்கும்” என்றான் அண்ணன். “பொம்பளையளத் தனியா விடமுடியாது, அதனால நான் வாறேன். உலகப் பாட்டு எனக்க காதுல விழாது.” சொன்னதோடு நிற்காமல் மெடிக்கல் ஸ்டோரில் ஒரு பொதி பஞ்சு வாங்கி வந்தான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நாகர்கோவில் இறங்கி, அங்கிருந்து திருவனந்தபுரம் பஸ் ஏறினோம். களியக்காவிளை வருவதற்கு முன்பே அண்ணன் எழுந்து நின்று எல்லாரையும் போனை அணைக்கச் சொன்னான். எல்லை தாண்டினால் ரோமிங்காம், தொட்டால் காசாம். “யானை வருதுன்னு சொல்லுத மாதிரில்லா சொல்லுதிய” என்று மயினி போனை அணைத்து முந்தானையில் வேறு சுற்றி வைத்தாள். அந்தப் புண்ணியத்தில் தம்பானூர் பஸ் நிலையத்தில் ஒரே தூணுக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் ரெஜிஷாவுமாக முக்கால் மணி நேரம் நின்றோம்.

ரெஜிஷா கெட்டிக்காரி, ஒரு திட்டம் வைத்திருந்தாள். மத்தியானம் லாட்ஜில் அம்மாவை மூன்று மணி நேரம் உறங்க வைத்துவிட்டால் இரவு பத்து வரை பிரச்சினை இல்லை. மயினி படுத்தாள். கண்ணை மூடவில்லை, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“பகல்ல ஒறங்கினா வீடு வெளங்காது மக்கா.”

“இது நம்ம வீடு இல்லம்மா, லாட்ஜு.”

“லாட்ஜ் நடத்துதவனும் மனுசன்தானே. அவனுக்குக் கேடு வரவா?” என்று எழும்பிச் சேலையை உதறிக் கட்டினாள். “வெளிய போவலாம். ஊரு பாக்க வந்தவியளுக்கு ஒறக்கம் எதுக்கு.”

அங்கேதான் தப்பு நடந்தது. உறங்காதது மட்டும் இல்லை, இருந்த தெம்பையெல்லாம் நகரத்தில் செலவழித்துவிட்டாள். மிருகக்காட்சி சாலையில் புலியைப் பார்த்தாள், நீர்யானையைப் பார்த்தாள். அதைவிட அங்குள்ள மரங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு மரமாகப் போய்ப் பெருவிரலால் பட்டையைத் தடவி, நகத்தால் கீறி, பால் வருகிறதா என்று பார்த்தாள். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். பிறகு ஒரு துணிக்கடை. அதில் நகரும் படிக்கட்டு. முதல் தடவை “கர்த்தாவே” என்று என் தோளைப் பிடித்து நகத்தைப் பதித்தாள். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், நாற்பது வயதில் எட்டு வயதுச் சிரிப்பு. பதினோரு தடவை ஏறி இறங்கினாள். அவளோடு நானும் ஏறி இறங்கினேன். எட்டாவது தடவை கடைக்காரப் பையன்கள் கை தட்டினார்கள், மயினி கும்பிட்டாள். அண்ணன் வாசலில் கட்டுச்சோற்றுப் பையோடு உட்கார்ந்து எங்களைத் தெரியாதவன் மாதிரி இருந்தான்.

ஆறு மணிக்கு மைதானத்தில் இருந்தோம். ஆறரைக்குத் தொடங்க வேண்டியது, பேச்சு, பொன்னாடை, மறுபடி பேச்சு என்று ஏழு இருபது வரை இழுத்தது. மயினிக்குக் கோபம் பொங்கியது. “இவனுவ பேசி முடிக்கதுக்குள்ள எனக்க நேரம் தீந்திரும்லா, சவத்துப்பயலுவ.” அண்ணன் பஞ்சை இரண்டு காதிலும் திணித்து, கையைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு வந்தவன் போல் இருந்தான்.

பாடகர் வந்தார். மயினி நாற்காலியில் ஏறி நின்றாள். பின்னாலிருந்தவர்கள் மலையாளத்தில் சத்தம் போட்டார்கள், மயினி எங்கள் தமிழில் திருப்பிப் போட்டாள், இரண்டு தரப்புக்கும் நன்றாகவே விளங்கியது. பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். மலையில் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கேட்கிற விசில். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் தலைகால் புரியவில்லை. நானும் நாற்காலியில் ஏறிவிட்டேன்.

ஐந்து பாட்டு போனது. அவளுடைய பாட்டு வரவில்லை. ஏழு ஐம்பதுக்கு முதல் கொட்டாவி. கட்டுச்சோற்றில் வைத்திருந்த பச்சைமிளகாயைக் கடிக்கக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் தெளித்தோம். “ஜெபா, என்னைக் கிள்ளு, பாவம் பாக்காத” என்றாள். மூன்று மணிப் பாத்திரச் சத்தத்தையெல்லாம் மனதில் நினைத்துக்கொண்டு கிள்ளினேன். எட்டேகாலுக்கு, “நான் ஒறங்கல, கண்ண மட்டும் மூடியிருக்கேன்” என்றாள். அப்படியே அண்ணன் தோளில் சாய்ந்தாள். மேடையில் மூன்று செண்டை ஒன்றாக முழங்குகிறது, மயினியின் குறட்டை அதோடு தாளம் தப்பாமல் போகிறது.

எட்டரைக்குப் புல்லாங்குழல் தொடங்கியது. முதல் ஊதலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான். “அம்மா, பாட்டு, எழும்பும்மா” என்று ரெஜிஷா குலுக்கினாள். நான் குலுக்கினேன். இடி விழுந்தாலும் எழும்பாத உறக்கம். பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. போனில் ரெக்கார்டை அமுக்கி அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, “ஐஸ் வாங்கிக் கழுத்துல வைப்போம் அத்தை” என்று எழும்பினாள். “பிள்ளையத் தனியா விடாத, நீயும் போ” என்று அண்ணன் என்னையும் விரட்டினான். கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்னால் ஓடினோம். கடைக்காரன் ஐஸ் தனியாகத் தர மாட்டேன் என்றான். இரண்டு ஜூஸ் வாங்கி, ஜூஸைக் கொட்டிவிட்டு, ஐஸைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தால் சனம் எழுந்து நின்று கை தட்டுகிறது. பாட்டு முடிந்துவிட்டது. அண்ணன் காதில் பஞ்சோடு மேடையைப் பார்த்து அசையாமல் இருந்தான். வந்த கடுப்பில் ஐஸை மயினியின் கழுத்தில் வைத்தேன்.

“மழை வருது” என்றாள் மயினி, கண்ணைத் திறக்காமல். “சிரட்டைய கவுத்து.”

அவ்வளவுதான். ஆட்டோவில் தூக்கிப் போட்டு லாட்ஜுக்குக் கொண்டுவந்தோம்.

மூன்று மணி. வேறு என்ன, டக்கென்று எழும்பி உட்கார்ந்து லைட்டைப் போட்டாள். “ஏட்டி ரெஜிஷா, எனக்க பாட்டு பாடியாச்சா?” என்றாள். ரெஜிஷா எழும்பி உட்கார்ந்தாள். மயினி லாட்ஜின் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். விசும்பி விசும்பி அழுதாள்.

“இருபத்திரெண்டு வருசம். கூப்பிடுத தூரத்துல நின்னு பாடியிருக்காரு. நான் சவம் மாதிரி கெடந்திருக்கேனே.”

கேலி பண்ணுவதற்கு நான் நிறைய எடுத்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விழுங்கிவிட்டு அவள் முதுகைத் தடவினேன்.  ரெஜிஷாதான் போனை எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். “ரெக்கார்ட் பண்ணியிருக்கேன்மா. கேளு.”

முதலில் குறட்டை வந்தது. பிறகு புல்லாங்குழல். பிறகு பாடகர். மயினி கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் மேல் குனிந்தாள். முகம் இப்போதுதான் விரியத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, போனுக்குப் பக்கத்திலேயே, ஓர் ஆண் குரல். சுதி என்றால் என்னவென்று தெரியாத குரல். பாடகருக்கு மேலே ஏறி உரக்கப் பாடுகிறது.

“ஆரு இந்தச் சவம்?” மயினி துள்ளி எழுந்தாள். “கழுதைக்குத் தொண்ட கட்டின மாதிரி. எனக்க பாட்ட நாசமாக்கிப் போட்டானே. பக்கத்துல எவன் இருந்தான், ஜெபா? நீ பாத்தியா? கையில கெடச்சா அவனுக்க குரவளைய வெட்டுக்கத்தியால...”

பாட்டு சரணத்துக்கு வந்தது. பாடகர் ஊஞ்சலுக்குப் போனார். அந்தக் குரல் தோணிக்குப் போனது.

மயினி வெட்டுக்கத்தி என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். பாடகர் ஊஞ்சலை முடித்துத் தோணிக்கு வந்தார். இந்தக் குரல், கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல், ஊஞ்சலுக்கு வந்தது. இந்தப் பாட்டை இப்படித் தலைகீழாகப் பாடுகிற வாய் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அந்த வாய் அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதன் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு நடந்த காதும் ஒன்றுதான்.

மூன்று பேரும் திரும்பினோம். ஓரக் கட்டிலில் அண்ணன் தலையோடு போர்வையை மூடிக் கிடந்தான். மயினி போய்ப் போர்வையை இழுத்தாள். கண் நன்றாகத் திறந்திருந்தது. காதில் பஞ்சு அப்படியே இருந்தது. மயினி இரண்டு பஞ்சையும் பிடுங்கினாள்.

“உலகப் பாட்டாக்கும்.”

“ஒன்ன எழுப்பத்தான் பாடினேன்” என்றான் அண்ணன். “காதுல பஞ்சு இருந்துதா, சத்தம் வெளிய போவுதுன்னு தெரியல.”

“எப்பம் படிச்சிய?”

“இருபத்திரெண்டு வருசத்துல அந்தக் காட்டுப்பன்னிக்கே பாடம் ஆயிருக்கும். நான் மனுசன்தானே.”

நான் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். ரெஜிஷா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டினான். மயினி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அண்ணனின் கட்டிலிலேயே உட்கார்ந்து, “முதல்லேருந்து போடு மக்கா” என்றாள். குறட்டை, குழல், பாடகர், அந்தக் கழுதைத் தொண்டை. முடிந்ததும் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, முகத்தைச் சுளித்தாள்.

“இந்தப் பாடகருக்குக் கொஞ்சம் பைய பாடினா என்ன? எனக்க ஆளுக்க சத்தம் கேக்காண்டாமா?”